ஆயாவின் நிறம்

ஆயா இறந்த பத்தாவது நாள் அந்தப் படம் கடையிலிருந்து வந்தது. 12-க்கு 18, மேட் பேப்பர், தங்கக் கலர் சட்டம். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க வேண்டிய படம். சித்தி மேலே சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு இது?” என்றாள்.

எங்கள் ஆயா நல்ல கறுப்பு. நெற்றியில் சின்ன வயதில் போட்ட அம்மையின் தழும்பு. இடது கன்னத்தில் ஒரு மரு. சட்டத்துக்குள் இருந்த கிழவி கோதுமை நிறம். தழும்பும் இல்லை, மருவும் இல்லை, கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம்கூட இல்லை. மூக்குத்தி மட்டும் ஆயாவுடையது.

படத்தைத் தூக்கிக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டு மேலேயே இருக்கிற அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். படத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“எல்லாருக்கும் இப்படித்தாண்ணா பண்றோம். கலர் ஏத்தாம குடுத்தா, ‘எங்கம்மாவ இப்படிக் கருப்பாக்கிட்டியே’ன்னு திருப்பி எடுத்தாந்து திட்டுவாங்க.”

ஏற்றுவதற்கு அவன் யோசிக்கக்கூட வேண்டியதில்லை. கீபோர்டில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் தோல் மழமழப்பாகி, நிறம் ஏறி, மருவும் தழும்பும் துடைக்கப்பட்டு, சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். அதையும் அவன் செய்யவில்லை. அவனுக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் செட் பண்ணி வைத்துவிட்டுப் போனதாம்.

கோபம் போய்விட்டது. அந்த முன்னவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், அவருக்கு முன்னால் யார் என்று கேட்டுக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்ற யோசனைதான் மிச்சம். கேட்டுக்கொண்டே போனேன். அது நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் போனது.

*

ஒரு படத்தைப் பேப்பரில் போடுவதற்கு முன் அதைத் ‘தயார் பண்ணுகிற’ வேலை, போட்டோ எடுக்கிற வேலையின் அளவுக்கே பழசு. தமிழ்நாட்டுக் கோயில்களை முதன்முதலில் விரிவாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன், மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராஃபர். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் அவர் எடுத்த படங்கள் 1858ல் தொகுதிகளாக வெளிவந்தன. அவருடைய நெகட்டிவ் மெழுகு ஏற்றிய காகிதம். அந்தக் காகிதத்துக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும். அதனால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் பின்பக்கத்தில் சாயம் பூசி மேகங்களை வரைந்தார். மரங்களுக்கு இலைகூட வரைந்தார். நம் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு மேல் அந்தப் படங்களில் மிதக்கிற சில மேகங்கள் எந்த வானத்திலும் இருந்தவை அல்ல. தூரிகையில் இருந்து வந்தவை.

மேகத்தோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. நீலத்தை மட்டும் பார்க்கிற அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண்ணை நிறுத்திப் பாருங்கள். பழுப்பு நிறத் தோல் நீல ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். ஆகவே பிரிண்டில் அவள் நேரில் இருப்பதைவிடக் கறுப்பாக வருவாள். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தால் இன்னும் மோசம். மஞ்சள் நீலத்தை விழுங்கிவிடும் என்பதால், முகத்துக்குப் பொலிவு கொடுக்கப் பூசிய மஞ்சளே முகத்தில் கரி பூசின மாதிரி விழும். குங்குமப் பொட்டு கறுப்புப் பொட்டாகும். 1873ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்து தகட்டுக்குப் பச்சையும் தெரிகிற மாதிரி செய்தார். சிவப்பு வரை எல்லா நிறமும் தெரிகிற தகடு கடைக்கு வந்தது 1906ல்தான். அதற்குப் பிறகும் விலை காரணமாகவும், சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்ற வசதிக்காகவும் பழைய வகைத் தகடுகள் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தன.

ஆக, ஆரம்பத்தில் ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுக்க வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. கருவி ஒரு பக்கம் பொய் சொன்னது, கை அதை மறுபக்கம் இழுத்துச் சரி செய்தது. கருவி சரியான பிறகும் கை ஏன் நிற்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

*

எங்கள் வீட்டில் ஆயாவின் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. 1957. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து, இந்தோசீனாவிலிருந்து திரும்பியவர். கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கிற பதினெட்டு வயசுப் பெண்ணின் முகம் நிலா மாதிரி இருக்கும். கையைப் பார்த்தால்தான் தெரியும், கை கறுப்பு. ஆயா அந்தப் படத்தைக் காட்டிச் சிரிப்பாள். “மூஞ்சி ஸ்டூடியோக்காரன் வரைஞ்சது. கைதான் நானு.”

அவள் சொன்னது அப்படியே உண்மை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெளுப்பாக வர வேண்டிய இடம் அடர்த்தியாக இருக்கும், கறுப்பாக வர வேண்டிய இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். டச்சிங் பண்ணுகிறவர் நெகட்டிவைச் சாய்வான கண்ணாடிப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரவைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைப்பார். பென்சில் கரி வெளிச்சத்தைத் தடுக்கும். தடுத்த இடம் பிரிண்டில் வெளுக்கும். அதாவது முகத்தை வெளுக்க வைக்கப் பென்சில் போதும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். முகத்தைக் கறுக்க வைக்க வேண்டும் என்றால்? நெகட்டிவின் மேல் இருக்கிற வெள்ளிப் படலத்தைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். கை நடுங்கினால் நெகட்டிவே போச்சு.

இதை ஒரு பழைய டச்சிங்காரர் சொல்லிக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நிறத்தைப் பற்றிய நம் ஊர் ஆசையும் ஏளனமும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கருவியும் அதற்குச் சாதகமாகவே சாய்ந்திருந்தது. வெளுக்க வைப்பது பென்சில் வேலை. கறுப்பைக் காப்பாற்றுவது கத்தி வேலை. எந்தத் தொழிலாளி இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்?

அப்படி டச்சிங் செய்யப்பட்ட முகங்களை மொத்தமாகப் பார்க்க எங்கள் ஏரியாவிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பஸ் பிடித்துக் கடற்கரைப் பக்கம், செயின்ட் லூயி வீதிக்குப் போனால் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட். 1955ல் தொடங்கியது. அங்கே மானுடவியலாளர் ஸோயி ஹெட்லி தலைமையில், தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டல் பிரதி எடுக்கிற திட்டம் 2010களில் நடந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் பணம் கொடுத்தது. ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி வந்த படங்கள். சரியான நேரத்தில் நடந்த வேலை. ஏனென்றால் கலர் வந்து, பிறகு டிஜிட்டல் வந்து, இடம் அடைக்கிற பழைய நெகட்டிவ் பெட்டிகளை ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளி பிரித்தெடுக்கிற வியாபாரிகளுக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு ஊரின் அத்தனை முகங்களும் சில கிராம் வெள்ளி.

*

கலர் வந்ததும் டச்சிங் மேஜை மூலைக்குப் போனது. முடிவெடுக்கிற கை மெஷினுக்குள் போனது.

கலர் லேப் மெஷின் எப்படி யோசிக்கிறது என்பதற்கு அடிப்படை போட்டவர் கோடாக்கில் வேலை பார்த்த ரால்ஃப் எவன்ஸ். 1940களில் அவர் வைத்த கணக்கு எளிமையானது: சாதாரணமான ஒரு காட்சியின் எல்லா நிறத்தையும் கலந்தால் கிட்டத்தட்டச் சாம்பல் நிறம் வரும். ஆகவே ஒவ்வொரு பிரேமின் சராசரியையும் சாம்பலுக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரிண்ட் சரியாக வந்துவிடும். பூங்காவில் எடுத்த படத்துக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். கூரைப்புடவைக்கு?

சித்தியின் கல்யாண ஆல்பம் 1988. பிரேம் முழுக்க அரக்குச் சிவப்புப் பட்டு. மெஷின் பார்த்தது, “அடேயப்பா, இவ்வளவு சிவப்பா?” என்று எதிர் நிறத்தைக் கூட்டியது. சித்தியின் முகம் பாசி பிடித்த மாதிரி பச்சையும் நீலமுமாய் வந்திருக்கும். அதே ஆல்பத்தில் ராத்திரி ஊர்வலப் படங்களில் பின்னணி முழுக்க இருட்டு. மெஷின் சராசரியை ஏற்றியது, முகங்கள் சுண்ணாம்பு. வெள்ளைச் சுவர் முன்னால் நின்ற படங்களில் சராசரியை இறக்கியது, முகங்கள் கரி. மெஷினுக்கு முகம் எது, சுவர் எது என்று தெரியாது.

அதனால்தான் ஆபரேட்டர் என்று ஒருவர் தேவைப்பட்டார். லேப் மெஷினின் கீபோர்டில் சயான், மெஜந்தா, மஞ்சள், டென்சிட்டி என்று நான்கு வரிசை பட்டன்கள். ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து, மஞ்சள் ஒண்ணு குறை, டென்சிட்டி ரெண்டு ஏத்து என்று ஒரு கண்ணசைவில் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல ஆபரேட்டர் இருக்கிற லேபைத் தேடி போட்டோகிராஃபர்கள் ஊர் தாண்டிப் போவார்கள்.

அந்த ஆபரேட்டர் எதை வைத்து ‘சரி’ என்று முடிவு செய்தார்? அங்கேதான் ஷெர்லி வருகிறாள். 1954ல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஃபிலிம் விலையோடு கழுவுகிற கூலியையும் சேர்த்து வாங்குவதைக் கோடாக் நிறுத்த வேண்டியதாயிற்று. வெளி லேப்கள் முளைத்தன. அவை மெஷினைச் சரிபார்க்கக் கோடாக் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, சிரித்த முகம். முதலில் அதற்கு நின்ற ஊழியரின் பெயர் ஷெர்லி. பிறகு எந்தப் பெண் நின்றாலும் அது ‘ஷெர்லி கார்டு’தான். அவள் தோல் சரியாக விழுந்தால் மெஷின் சரி. உலகத்தின் மற்ற தோல்களெல்லாம் அவளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்கப்பட்டன.

ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் கோடாக்கில் வேலை செய்தவர்களைச் சந்தித்து 2009ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று. அடர் நிறங்களின் நுணுக்கம் ஃபிலிமில் பதியவில்லை என்று கோடாக்கிடம் அழுத்தமாகப் புகார் சொன்னவர்கள் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும்தானாம். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஃபிலிம் மேம்பட்டது. பல நிறப் பெண்கள் இருக்கிற மாதிரிக் கார்டு 1990களில்தான் வந்தது.

நம்மிடம் சொந்தமாக ஒரு ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்ப உதவியோடு 1967ல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ பேப்பரில்தான் எத்தனையோ குடும்பப் படங்கள் பிரிண்ட் ஆயின. ஆனால் அதன் பலம் கறுப்பு வெள்ளை. கலருக்கு எது சரியான தோல் நிறம் என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இருந்ததே இல்லை.

*

1996ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஃபியூஜி தன் ஃபிரன்டியர் டிஜிட்டல் லேப் மெஷினைக் கொண்டுவந்தது. பழைய வெள்ளி உப்புப் பேப்பர்தான், பழைய கெமிக்கல்தான். ஆனால் வெளிச்சம் நெகட்டிவ் வழியாக வராமல் சிவப்பு, பச்சை, நீல லேசர்களாக வந்து ஃபைலைப் பேப்பரில் எழுதியது. அதே வருஷம் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்கிற நிற அளவுகோலை முன்வைத்தன. அன்றைய சாதாரணக் கம்ப்யூட்டர் திரை எவ்வளவு நிறம் காட்டுமோ, அவ்வளவு. 1999ல் அது சர்வதேசத் தரமானது. இன்றைக்கும் பெரும்பாலான லேப் மெஷின்கள் உள்ளே வருகிற ஃபைல் எஸ்ஆர்ஜிபி என்றே நினைத்துக்கொள்ளும். வேறு அளவுகோலில் சேமித்த ஃபைலைக் கொடுத்தால் அதைத் தப்பாகப் படித்து, தோலைச் செத்த சாம்பலாகப் போடும். லேபுக்குக் கொடுப்பதற்கு முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஆயாவின் படத்துக்கு நடந்ததை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் தெரிகிறது. மாமா பையன் மொட்டை மாடியில் போனில் எடுத்த படம். போன் எடுக்கும்போதே ‘பியூட்டி’ என்று கொஞ்சம் மழுப்பியது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டபோது நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கியது. லேப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. 1600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலம்தான் உருப்படியாக வரும். அதைப் பதினெட்டு அங்குலத்துக்கு இழுத்தால் தோலில் கட்டம் கட்டமாகத் தெரியும். கட்டம் தெரியாமல் இருக்க மழுப்ப வேண்டும். மழுப்பினால் தழும்பு போகும். அந்தத் தம்பி பட்டனை அழுத்தாமல் இருந்திருந்தாலும் பாதி ஆயா ஏற்கெனவே தொலைந்திருந்தாள்.

*

‘அப்படியே’ வைத்திருக்கிற ஒரு படம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கும் அதே செயின்ட் லூயி வீதியில் ஒரு கதை இருக்கிறது.

பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்து வந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்கள். அழகுக்காக எடுத்தவை அல்ல. நேராக, தட்டையான வெளிச்சத்தில், ஒரு கீறல், ஒரு ஒட்டு, உடைந்த ஒரு சுடர் எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்தவை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் வெண்கல நடராஜரும் அதில் இருந்தார், 1990களில் எடுத்தது. பிறகு சிலை திருடு போனது. 2008ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை 50 லட்சம் டாலர் கொடுத்து நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. இது அந்த நடராஜர்தான் என்று காட்ட உதவியது புதுச்சேரியில் இருந்த பழைய படம். திருவாசியில் இருந்த சின்னச் சின்னக் குறைகள்வரை ஒத்துப்போயின. 2014 செப்டம்பரில் நடராஜர் திரும்பி வந்தார்.

யாராவது அந்த நெகட்டிவில் பென்சில் வைத்து, குறைகளை மறைத்து ‘அழகாக்கி’ இருந்தால்? சாமிக்குக்கூட ஊர் திரும்ப அவருடைய தழும்புதான் அடையாளம்.

ஆவணக் காப்பகங்கள் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கின்றன. மூலம் ஒன்று, டிஃப் ஃபைலாக, சுருக்காமல், திருத்தாமல், பக்கத்தில் ஒரு நிற அட்டையோடு. அதிலிருந்து எடுக்கிற பிரதிகள் வேறு. அதில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மூலத்தைத் தொடக் கூடாது. வீட்டுக்கும் இது பொருந்தும்.

*

மறுநாள் மாமா பையனின் போனிலிருந்து ஒரிஜினல் ஃபைலைக் கேபிள் போட்டு எடுத்தேன். தேடியதில் பியூட்டி போடாத ஒன்று கிடைத்தது. 3000-க்கு 4000 புள்ளி. 12-க்கு 18 என்பது இரண்டுக்கு மூன்று விகிதம். போன் படம் மூன்றுக்கு நாலு. லேபிடம் விட்டால் எங்கே வெட்டும் என்று தெரியாது, அதனால் நானே பக்கவாட்டில் வெட்டினேன். 2667-க்கு 4000. அங்குலத்துக்கு 222 புள்ளி வந்தது. சுவரில் மாட்டி நாலடி தள்ளிப் பார்க்கிற படத்துக்கு அது போதும். எஸ்ஆர்ஜிபி, குறைந்த சுருக்கத்தில் ஜேபெக். கடைத் தம்பியிடம், “கரெக்‌ஷனே வேணாம், ஆட்டோவையும் ஆஃப் பண்ணிடு. முதல்ல ஒரு 4-க்கு 6 டெஸ்ட் பிரிண்ட் போடு” என்றேன்.

வந்தது. ஒன்றும் தெரியவில்லை. மத்தியான வெயிலில் வெள்ளை டேங்க் முன்னால் நின்ற ஆயா, கண்ணும் மூக்கும் கலந்த ஒரு நிழலாக இருந்தாள். திரை உள்ளிருந்து வெளிச்சம் விடும், பேப்பர் மேலே விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையில் தெரிந்தது பேப்பரில் இல்லை.

கொஞ்ச நேரம் எனக்கே அவமானமாக இருந்தது. திருத்தாமல் போட்டால் உண்மை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மருவும் தழும்பும் அந்த இருட்டிலும் காணாமல்தான் போயிருந்தன. டிரைப் காலத்துக் காகிதத்துக்கு நீலம் மட்டும் தெரிந்த மாதிரி, இந்த போனுக்கும் ஒரு குறை இருக்கிறது. யாராவது கை வைத்தே ஆக வேண்டும். அந்தக் கை யாரைத் தெரிந்த கை என்பதுதான் கேள்வி.

“சித்தியக் கூட்டிட்டு வா” என்றது மனசு. கூட்டி வந்தேன். சித்தியின் கை அப்படியே ஆயாவின் கை, எல்லோரும் சொல்வார்கள். சட்டை மாற்றாமல், வீட்டுச் செருப்போடு வந்து, கடை வாசலில் டியூப் லைட் படாத நிழலில் நின்று, டெஸ்ட் பிரிண்டுக்குப் பக்கத்தில் முன்னங்கையை நீட்டினாள். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் முகத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினான். இரண்டாவது பிரிண்ட் சிவந்து போயிருந்தது. மூன்றாவதில் மரு வந்தது. நாலாவதில் சித்தி கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதாண்டா அம்மா” என்றாள்.

தம்பி அந்த செட்டிங்கை ஃபைலோடு சேமித்து வைத்தான். பெரிய பிரிண்ட் சாயந்தரம் தருவதாகச் சொன்னான். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டான்: “அண்ணா, எங்க வீட்லயும் தாத்தா படம் ஒண்ணு கெடக்குது. நான்தான் போட்டேன், அந்தப் பட்டன்லயே. ஒரிஜினல் இன்னும் பழைய போன்ல இருக்கும்னு நெனைக்கறேன்.”

“இன்னைக்கே எடுத்து வச்சிடு தம்பி” என்றேன்.